‘விளையாட்டுக்குத்தான் சொன்னேன்’: ஜாதி வசவுக்குப் புகார் கொடுக்கப் போகிறவர்களுக்கு

புகார் எழுத உட்கார்ந்ததும் கை நிற்கிற முதல் இடம் அந்தச் சொல்தான். “ஜாதியைச் சொல்லிக் கேவலமாகப் பேசினார்” என்று பட்டும் படாமலும் எழுதிவிட்டு அடுத்த வரிக்கு ஓடிவிடத் தோன்றும். காதில் விழுந்தபோது கூசியது போதாதென்று அதை நம் கையாலேயே நம் பெயருக்குப் பக்கத்தில் எழுதுவதா என்று இருக்கும். ஆனாலும் எழுதத்தான் வேண்டும். அவர் சொன்ன பேச்சுவழக்கிலேயே, ‘டா’ போட்டிருந்தால் ‘டா’வோடு, அதற்கு முந்தைய வாக்கியத்தையும் பிந்தைய வாக்கியத்தையும் சேர்த்து எழுத வேண்டும். ‘தகாத வார்த்தைகளால் திட்டி’ என்பது ஸ்டேஷன் பாஷை. அந்தப் பாஷையில் எழுதிய காகிதம் நாளைக்கு வழக்கையே ரத்து செய்யச் சொல்லி எதிர்த்தரப்பு உயர் நீதிமன்றத்தில் மனு போடும்போது நம்மைக் கைவிட்டுவிடும்.

இதை யாரும் முன்கூட்டிச் சொல்லித் தரவில்லை. ஒவ்வொரு படியிலும் தனியாக நின்று, தப்பான கவுன்டரில் காத்திருந்து, சம்பளப் பிடித்தம் போகத் தெரிந்துகொண்டவைதான் இவை. என் வழக்கின் கதையை இங்கே எழுதப் போவதில்லை. அது இன்னொருவருக்கு உதவாது. எந்தப் படியில் என்ன கேட்பார்கள், எது இல்லாவிட்டால் எங்கே மாட்டிக்கொள்வோம் என்பதுதான் உதவும்.

முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “அவர் வேணும்னு சொன்னாரா?” கூட வேலை பார்ப்பவர் கேட்பார், மேலாளர் கேட்பார், ஸ்டேஷன் ரைட்டர் கேட்பார், சொந்தத் தம்பியே கேட்பான். கேட்கக் கேட்க எரிச்சல் வரும். திட்டியவரின் மனசுக்குள் புகுந்து பார்த்து சாட்சி சொல்வதும் நம் வேலையா என்று தோன்றும். சட்டம் அப்படிக் கேட்கவில்லை என்பது பிறகுதான் புரிந்தது. யாரிடம் சொன்னார், எங்கே நின்று சொன்னார், யார் கேட்டார்கள், அதற்கு முன்னும் பின்னும் என்ன பேச்சு ஓடியது என்பதைத்தான் அது பார்க்கிறது. உள்நோக்கத்தை அதிலிருந்துதான் எடுக்கிறார்கள். ஆகவே சூழல் என்பது திட்டியவருடைய சாக்கு மட்டுமல்ல, நம்முடைய ஆதாரமும் அதுதான். திட்டியவர் தனக்குத் தோதான சூழலைச் சொல்வதற்குள் நடந்த சூழலை நாம் எழுதி வைத்துவிட வேண்டும்.

எந்தப் பிரிவு என்பதில்தான் முதல் குழப்பம் வரும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 294(பி), 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 296 ஆகிவிட்டது. தமிழ்நாட்டில் அடிதடி வழக்கு எதுவானாலும் அதைத்தான் முதலில் போடுவார்கள். மூன்று மாதம் வரை சிறை, ஆயிரம் ரூபாய் வரை அபராதம், ஜாமீனில் விடக்கூடியது. அது ஆபாசத்துக்கான பிரிவு, அவமானத்துக்கானது அல்ல. 2022 அக்டோபரில் மதனகோபால் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொன்னது: இழிவான, அவதூறான வசவு என்பது மட்டும் போதாது, பாலியல் உணர்வைத் தூண்டும் தன்மை இருந்தால்தான் 294(பி) வரும். அந்த வழக்கில் என்ன வார்த்தை சொன்னார்கள் என்பதே ஆவணத்தில் இல்லை என்பதும் ரத்துக்குக் காரணம். 2024 மார்ச்சில் ஒரு வெப் சீரிஸ் மீதான வழக்கில் இன்னும் ஒரு படி போனார்கள். கல்லூரிப் பசங்கள் வாயில் வரும் கெட்ட வார்த்தைக்கு அகராதிப் பொருள் பாலியல் சார்ந்ததாக இருந்தாலும், அதைச் சொல்கிறவர்கள் கோபத்தையும் எரிச்சலையும் உற்சாகத்தையும்தான் காட்டுகிறார்கள், கொச்சை வேறு ஆபாசம் வேறு என்றார்கள். சாதாரணக் கெட்ட வார்த்தையைப் பொறுத்தவரை எனக்கும் இதில் சண்டை இல்லை. சென்னையில் பாதி நட்பு ‘கஸ்மாலம்’ என்றுதான் ஆரம்பிக்கிறது.

அடுத்தது 352, பழைய 504. அமைதி குலையும்படி ஒருவரைத் தூண்டும் நோக்கத்தோடு, அல்லது அப்படிக் குலையும் என்று தெரிந்தே, வேண்டுமென்று அவமதிப்பது. இரண்டு வருடம் வரை தண்டனை உண்டு. ஆனால் மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் தானாக விசாரிக்க முடியாத குற்றம் இது. “இதுக்கெல்லாம் எஃப்.ஐ.ஆர். போட முடியாது, கோர்ட்டுக்குப் போங்க” என்று அனுப்பினால், 352 மட்டும் இருக்கும் புகாருக்கு அந்தப் பதில் சரிதான். பெண்ணின் மானத்தை இழிவுபடுத்தும் சொல்லுக்கு 79. மாற்றுத்திறனாளியைப் பொதுப் பார்வையில் இழிவுபடுத்தும் நோக்கத்தோடு அவமதித்தால் 2016 ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 92(ஏ), ஆறு மாதம் முதல் ஐந்து வருடம் வரை. இது பல ஸ்டேஷன்களில் தெரியாத பிரிவு, எழுதியே கொடுத்துவிடுங்கள்.

ஜாதியைச் சொல்லித் திட்டினால் 1989 ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். அதில் இரண்டு உட்பிரிவு. 3(1)(ஆர்) என்பது பட்டியல் சாதியினர் அல்லது பழங்குடியினர் ஒருவரை இழிவுபடுத்தும் நோக்கத்தோடு வேண்டுமென்றே அவமதிப்பது அல்லது மிரட்டுவது. 3(1)(எஸ்) என்பது ஜாதிப் பெயரைச் சொல்லித் திட்டுவது. இரண்டிலும் ‘பொதுப் பார்வைக்குட்பட்ட இடம்’ என்ற நிபந்தனை உண்டு, ஆறு மாதம் முதல் ஐந்து வருடம் வரை தண்டனையும் ஒன்றுதான். ஆனால் ‘இழிவுபடுத்தும் நோக்கத்தோடு’ என்ற சொற்கள் (ஆர்)-இல் இருக்கின்றன, (எஸ்)-இல் இல்லை. அதனால் நடந்ததற்கு இரண்டும் பொருந்தினால் இரண்டையும் கேட்டு எழுதுங்கள். திட்டியவரும் பட்டியல் சாதியினராக இருந்தால் இந்தச் சட்டம் பொருந்தாது. ஒரே தெருப் பையன்கள் தங்கள் ஜாதிப் பெயரைத் தாங்களே கிண்டலாகச் சொல்லிக்கொள்வது இதற்குள் வராததும் அதனால்தான்.

இடம் என்பதில்தான் பெரும்பாலான வழக்குகள் தோற்கின்றன. பொது இடம் வேறு, பொதுப் பார்வை வேறு. 2008 இல் சுவரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கொடுத்த விளக்கம்தான் இன்றைக்கும் அளவுகோல். வீட்டு கேட் பக்கம் நிறுத்தியிருந்த காரின் அருகே நின்றவரை ஜாதிப் பெயர் சொல்லித் திட்டியிருந்தார்கள். தனியார் வீடுதான், ஆனால் கேட்டைத் தெருவில் போகிறவர் பார்க்க முடியும், எனவே பொதுப் பார்வை. கட்டடத்துக்குள்ளே என்றால் சொந்தக்காரர், நண்பர் தவிர வெளியார் யாராவது அங்கே இருந்திருக்க வேண்டும். அதே வழக்கில் ஒருவர் மட்டும் வெளியே வந்துவிட்டார். அவர் திட்டியபோது வெளியார் யாராவது இருந்தார்கள் என்றோ, பிறர் பார்க்கக்கூடிய இடம் என்றோ எஃப்.ஐ.ஆரில் ஒரு வரி இல்லை. ஒரே எஃப்.ஐ.ஆர்., ஒரே வசவு, ஒரு வரி எழுதாததால் ஒருவர் மீதான வழக்கு போயிற்று. 2020 இல் ஹிதேஷ் வர்மா வழக்கில் நாலு சுவருக்குள் நடந்தது என்று ரத்து. 2025 ஜனவரி 31 அன்று நம் திருச்சிப் பக்கத்து வழக்கு ஒன்றிலும் இதே கதி. பட்டா விஷயமாகப் போனவர் வருவாய் ஆய்வாளரை அவரது அறைக்குள் ஜாதி சொல்லித் திட்டினார் என்பது புகார். சக ஊழியர்கள் மூன்று பேர் வந்தது சம்பவத்துக்குப் பிறகு. திட்டிய நேரத்தில் வெளியார் யாரும் இல்லை என்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. அரசு ஊழியர், அதுவும் அலுவலகத்திலேயே திட்டு வாங்கியவர், அவருக்கே இந்த நிலை என்றால் சாதாரணமாக ஒரு கேபினுக்குள் கூப்பிட்டுத் திட்டப்படுகிறவர் என்ன செய்வார்? இந்தத் தீர்ப்புகளில் எனக்கு மனத்தாங்கல் உண்டு. கதவைச் சாத்திவிட்டுத் திட்டத் தெரிந்தவர் தப்பிக்கிறார். ஆனால் சட்டம் இப்போது அப்படித்தான் நிற்கிறது.

ஆகவே புகாரில் இடத்தைப் பற்றி நாலைந்து வரி எழுதுங்கள். கதவு திறந்திருந்ததா, கண்ணாடித் தடுப்பா, வெளியே எத்தனை மேஜை, யார் யார் உட்கார்ந்திருந்தார்கள், டீ கொண்டுவந்தவர் அந்த நேரத்தில் நின்றாரா, அவர் பெயர் என்ன. திட்டிய வினாடியில் இருந்தவர்கள் யார், சத்தம் கேட்டு ஓடி வந்தவர்கள் யார் என்று பிரித்து எழுத வேண்டும். “எல்லோர் முன்னிலையிலும்” என்று எழுதினால் யார் முன்னிலையிலும் இல்லை என்றுதான் வாதிடுவார்கள். அன்றைக்கே செல்போனில் அந்த இடத்தைப் படம் எடுத்து வையுங்கள். ஒரு மாதத்தில் மேஜையை மாற்றிப் போட்டுவிடுவார்கள்.

இப்போது நோக்கம். “அவர் என்ன ஜாதின்னே எனக்குத் தெரியாது” என்பதுதான் எதிர்த்தரப்பின் முதல் வாதமாக வரும். வன்கொடுமைச் சட்டத்தில் 2015 திருத்தத்தில் சேர்ந்த 8(சி) இதற்குப் பதில் வைத்திருக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவருக்கு நம்மையோ நம் குடும்பத்தையோ நேரடியாகத் தெரியும் என்றால், நம் ஜாதியும் தெரியும் என்றே நீதிமன்றம் அனுமானிக்கும், இல்லை என்று அவர்தான் நிரூபிக்க வேண்டும். நம் கல்யாணத்துக்கு வந்தவர், ஒரே ஊர், நம் சான்றிதழ் கையாண்ட அலுவலர், எதுவானாலும் அந்தப் பழக்கத்தை எழுதுங்கள், படம் இருந்தால் இணையுங்கள். இரண்டாவது வாதம் கொஞ்சம் கனமானது: “சண்டை வந்தது வேறு விஷயத்துக்கு, ஜாதிக்காக அல்ல.” ஹிதேஷ் வர்மா வழக்கிலும், 2024 ஆகஸ்டில் ஷாஜன் ஸ்கரியா வழக்கிலும் இதைத்தான் பிடித்துக்கொண்டார்கள். அவமதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் என்பது மட்டும் போதாது, அவமானம் அந்த அடையாளத்தைக் குறிவைத்ததாக இருக்க வேண்டும். நிலத் தகராறோ கடன் பாக்கியோ இருந்தால் அதை மறைக்காதீர்கள். தகராறு இன்னது, அதற்கு நடுவே இந்த இடத்தில் ஜாதியை இழுத்தார், இன்ன வார்த்தை சொன்னார் என்று நாமே வரிசையாக எழுதிவிட்டால், பிறகு அவர்கள் அதைத் தோண்டியெடுத்துக் காட்டும் வாய்ப்பு போய்விடும்.

‘பாசத்தில் சொன்னேன்’ என்று வருகிற வாதத்துக்குத்தான் மனசு அதிகம் தடுமாறும், ஏனென்றால் சில சமயம் உண்மையாகவே இருக்கும். நண்பர்களுக்குள் ‘நாயே’, ‘பரதேசி’ எல்லாம் போகும். அங்கே சூழல் வசவின் விஷத்தை எடுத்துவிடுகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஜாதிப் பெயர் அப்படியல்ல. அதை வசவாகச் சொல்லும்போது எதிரே நிற்பவரை மட்டும் அது குறிப்பதில்லை, அந்தப் பெயரில் வாழ்கிற எல்லோரையும் அசிங்கத்துக்கு அளவுகோலாக வைக்கிறது. சொன்னவருக்குச் சிரிப்பு வந்திருக்கலாம், அதனால் அது மாறாது. இதில் தெரியாமல் சொல்கிறவர்களும் உண்டு. ‘சண்டாளன்’ என்று பாட்டி திட்டியதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அது தமிழ்நாட்டின் பட்டியல் சாதிகள் வரிசையில் இருக்கும் ஒரு சமூகத்தின் பெயர் என்பது பாட்டிக்குத் தெரியாது. 2024 ஜூலையில் ஒரு மேடைப்பாட்டைச் சுற்றிய சர்ச்சையில்தான் மாநில ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம், அந்தப் பெயரை வசவாகவும் நகைச்சுவையாகவும் பயன்படுத்தினால் நடவடிக்கைக்கு உள்ளாகலாம் என்று நினைவூட்டியது. பாட்டி மீது வழக்குப் போட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் 2024 க்குப் பிறகும் மேடையில் மைக் பிடித்து அதைச் சொல்கிறவர் ‘பேச்சுவழக்கு’ என்று சொன்னால் நான் நம்பமாட்டேன்.

மாற்றுத்திறனாளிகள் பற்றிய நகைச்சுவையிலும் இதே கோடுதான். 2024 ஜூலை 8 அன்று நிபுண் மல்ஹோத்ரா வழக்கில், ஊனத்தைப் புரிந்துகொள்ளச் செய்யும் நகைச்சுவை வேறு, ஊனமுற்றவரை மட்டம் தட்டும் நகைச்சுவை வேறு, மொத்தப் படைப்பின் நோக்கத்தையும் சூழலையும் பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் பிரித்துச் சொன்னது. அந்தத் தீர்ப்பு சினிமாவுக்கு. அலுவலகத்தில் ‘நொண்டி’ என்று கூப்பிடுகிறவர் அதன் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது. அங்கே ஒரு படைப்பும் இல்லை.

வாட்ஸ்அப் குழுவில் நடந்தது என்றால் வேலை வேகமாக நடக்க வேண்டும். ‘எல்லோருக்கும் அழி’ என்பதை அனுப்பியவர் கிட்டத்தட்ட இரண்டரை நாள் வரை செய்யலாம். குழுவில் மறையும் செய்தி வசதி போட்டிருந்தால் 24 மணி நேரம், 7 நாள், 90 நாள் என்று தானாகவே போய்விடும். முதலில் ஸ்கிரீன்ஷாட். அதில் குழுவின் பெயர், தேதி, நேரம் தெரிய வேண்டும். அனுப்பியவரை நாம் பெயர் போட்டுச் சேமித்திருந்தால் எண் தெரியாது, அவர் பெயரைத் தொட்டு எண் தெரியும் பக்கத்தையும் தனியாக எடுங்கள். வசவு வந்த ஒரே செய்தியை மட்டும் வெட்டி எடுக்காதீர்கள், மேலே இருபது செய்தி, கீழே இருபது செய்தி இருக்கட்டும். சிரிக்கும் முகம் போட்டவர்கள் யார் என்பது சாட்சிப் பட்டியலுக்கு உதவும். பிறகு குழு மெனுவில் ‘எக்ஸ்போர்ட் சாட்’ கொடுத்து மொத்த உரையாடலையும் நமக்கே மின்னஞ்சல் அனுப்பிக்கொள்ள வேண்டும். அட்வான்ஸ்டு சாட் பிரைவசியை யாராவது இயக்கியிருந்தால் எக்ஸ்போர்ட் ஆகாது, அப்போது திரையை இன்னொரு போனால் வீடியோ எடுங்கள், மேலிருந்து கீழ்வரை மெதுவாக நகர்த்தி. குரல் செய்தியை ஃபார்வர்ட் செய்து சேமிப்பதைவிட, ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் மீடியாவின் ‘வாய்ஸ் நோட்ஸ்’ ஃபோல்டரில் இருக்கும் மூலக் கோப்பை அப்படியே நகலெடுப்பது நல்லது.

அந்த போனை விற்காதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள், குழுவைவிட்டு ஆத்திரத்தில் உடனே வெளியேறவும் வேண்டாம். மின்னணுச் சான்றின் நகலைக் கொடுத்தால் சான்றிதழ் கட்டாயம் என்று 2020 இல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் முடிவாயிற்று. மூல போனையே அதன் சொந்தக்காரர் நீதிமன்றத்தில் காட்டினால்தான் விலக்கு. அப்போது பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி, இப்போது பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63. புதுப் படிவம் இரண்டு பகுதி. ‘அ’ பகுதியில் போனின் உரிமையாளர், அதாவது நாம், மாடல், ஐ.எம்.இ.ஐ. எண், கோப்பின் ஹாஷ் மதிப்பு எல்லாம் எழுதிக் கையெழுத்திட வேண்டும். இரண்டாம் பகுதி நிபுணர் கையெழுத்து. ஹாஷ் என்பது கோப்பின் கைரேகை மாதிரி, ஒரு எழுத்து மாறினாலும் எண் மாறிவிடும். எடுத்த அன்றே எஸ்.எச்.ஏ.256 முறையில் ஹாஷைக் கணக்கிட்டு எழுதி வைத்துவிட்டால் “இடையில் திருத்திவிட்டார்கள்” என்ற பேச்சு எடுபடாது.

குழு அட்மின் மீது கோபம் வருவது இயல்பு. ஆனால் வெறும் அட்மினாக இருந்ததற்காக மட்டும் ஒருவரைச் சேர்க்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021 டிசம்பரில் சொல்லியிருக்கிறது. அவரைச் சேர்த்தால் வழக்குதான் இழுபடும். ஃபார்வர்ட் செய்தவர் கதை வேறு. “படிக்காமல் அனுப்பிவிட்டேன்” என்பது எஸ்.வி. சேகர் வழக்கில் எடுபடவில்லை. 2018 இல் பெண் பத்திரிகையாளர்களைப் பற்றி யாரோ எழுதிய பதிவை அவர் பகிர்ந்தார், பிறகு நீக்கி மன்னிப்பும் கேட்டார். வழக்கை ரத்து செய்ய 2023 இல் உயர் நீதிமன்றமும் மறுத்தது, உச்ச நீதிமன்றமும் மறுத்தது. 2024 பிப்ரவரியில் சென்னை சிறப்பு நீதிமன்றம் ஒரு மாதச் சிறைத்தண்டனை விதித்தது.

ஸ்டேஷனில் நடப்பது பெரும்பாலும் இந்த வரிசைதான். புகாரை வாங்கி, வாங்கியதற்கு அத்தாட்சியாக சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்துவிட்டு “விசாரிச்சுச் சொல்றோம்” என்பார்கள். சாதாரண வழக்கில் மூன்று முதல் ஏழு வருடத்துக்குள் தண்டனை உள்ள குற்றத்துக்கு 14 நாள் முதற்கட்ட விசாரணை என்று புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) இடம் உண்டு. வன்கொடுமைச் சட்டத்தின் 18ஏ அதை அனுமதிக்கவில்லை. முதற்கட்ட விசாரணை தேவையில்லை, நேராக எஃப்.ஐ.ஆர்தான். இந்த ஒரு வரியை அமைதியாகச் சொல்லத் தெரிந்திருந்தாலே பேச்சின் தொனி மாறும். மறுத்தால் பதிவுத் தபாலில் எஸ்.பி.க்கு, அதற்கும் பதில் இல்லையென்றால் பிரமாண வாக்குமூலத்தோடு நீதிமன்றத்துக்கு. எஸ்.பி.க்கு அனுப்பிய ஒப்புகை அட்டை இல்லாமல் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கடமையைப் புறக்கணிக்கும் அலுவலருக்கு வன்கொடுமைச் சட்டத்தின் பிரிவு 4 இல் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை தண்டனை இருக்கிறது. 14566 தேசிய உதவி எண்ணில் பதிவு செய்தால் ஒரு பதிவு எண் கிடைக்கும், அதைப் புகாரில் குறிப்பிடுங்கள்.

எஃப்.ஐ.ஆர். ஆனதும் விசாரணை டி.எஸ்.பி. கைக்குப் போகும். அதற்குக் குறைந்த அதிகாரி விசாரித்திருந்தால் அதுவே எதிர்த்தரப்புக்கு ஒரு பிடி, எனவே வாக்குமூலத்தை எழுதிக்கொள்பவர் யார் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அறுபது நாளில் குற்றப்பத்திரிகை என்று விதி சொல்கிறது. நம் ஜாதிச் சான்றிதழின் நகலைக் கையோடு கொடுங்கள், எதிரியின் சமூகச் சான்றைத் தாசில்தாரிடம் போலீஸ் வாங்கும், அங்கேதான் வாரக்கணக்கில் கிடக்கும். உடனே கைது செய்வார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். ஏழு வருடத்துக்கு உட்பட்ட குற்றம் என்பதால் பெரும்பாலும் நோட்டீஸ்தான். வன்கொடுமைச் சட்டத்தின் பிரிவு 18 இல் முன்ஜாமீன் தடை இருக்கிறது, ஆனால் முகாந்திரமே இல்லை என்று தெரிந்தால் கொடுக்கலாம் என்று 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அவர் முன்ஜாமீன் கேட்டால் நமக்கும் தகவல் வர வேண்டும், நம்மையும் கேட்க வேண்டும், 15ஏ தரும் உரிமை அது. அந்த நாளில் போகாமல் இருந்துவிடாதீர்கள்.

இந்தக் கட்டத்தில்தான் ஆட்கள் கழன்றுகொள்வார்கள். கூடவே கொதித்த நண்பர் “நான் சரியா கேக்கலை” என்பார். மதியச் சாப்பாட்டு மேஜையில் பேச்சு நின்றுபோகும். திட்டியவரைவிட இவர்கள் மீதுதான் அதிகக் கோபம் வந்தது, ராத்திரி தூக்கம் போனதும் இதனால்தான். இது எல்லோருக்கும் நடக்கிறது, மனசை முன்கூட்டியே தயார் செய்துகொள்ளுங்கள். சாட்சி சூடு ஆறுவதற்குள் மாஜிஸ்திரேட் முன் புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 183 ஆம் பிரிவு வாக்குமூலம் பதியச் சொல்லி டி.எஸ்.பி.யிடம் எழுத்தில் கேளுங்கள். அதைப் பிறகு மாற்றிச் சொல்வது கடினம்.

காசு விஷயத்தில் யாருமே வாய் திறப்பதில்லை. அரசு வழக்கறிஞர்தான் நடத்துவார், நாம் வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதில்லை. கூட ஒருவர் வேண்டும் என்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள், மாற்றுத்திறனாளிகளுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாகத் தருவார்கள், 15100 எண்ணில் கேட்கலாம். செலவு உண்மையில் போவது வாய்தாவுக்கு வாய்தா விடுப்பிலும் பஸ்ஸிலும் ஜெராக்ஸிலும்தான். அது திரும்பக் கிடைக்க வழி இருக்கிறது: வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கான 1995 ஆம் ஆண்டு விதிகளின் 11 ஆவது விதிப்படி பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிக்கும் பயணச் செலவும், குறைந்தபட்சக் கூலிக்குக் குறையாத தினப்படியும் உண்டு. விசாரணைக்குக் கூப்பிட்ட நாளுக்கும் சேர்த்துத்தான். கேட்காமல் யாரும் தரமாட்டார்கள், பஸ் டிக்கெட்டைத் தூக்கி எறியாதீர்கள். நிவாரணத் தொகை அந்த விதிகளின் 2016 திருத்தத்தின்படி 3(1)(ஆர்), 3(1)(எஸ்) இரண்டுக்கும் ஒரு லட்சம் ரூபாய். எஃப்.ஐ.ஆரில் 25 சதவீதம், குற்றப்பத்திரிகையில் 50, தண்டனைக்குப் பிறகு 25. வரவில்லை என்றால் ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் கண்காணிப்புக் குழுவுக்கு மனு. அது மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். “காசுக்காகத்தான் கேஸ் போட்டான்” என்ற பேச்சு கண்டிப்பாக வரும். அதற்காக வாங்காமல் விட வேண்டியதில்லை.

கடைசியாகச் சமாதானப் பேச்சு. ஊர்ப் பெரியவர், யூனியன்காரர், திட்டியவருடைய மனைவி, யாராவது வருவார்கள். இது தனியாகக் கைகுலுக்கி முடிக்கக்கூடிய குற்றம் அல்ல, ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்து முடியாது. தனிப்பட்ட தகராறாக இருந்து, பாதிக்கப்பட்டவர் நெருக்கடி இல்லாமல் மனமுவந்து சம்மதித்தால் உயர் நீதிமன்றம் ரத்து செய்யலாம் என்று 2021 இல் ராம் அவதார் வழக்கு வழி திறந்திருக்கிறது. ஒப்புக்கொள்வதும் மறுப்பதும் உங்கள் இஷ்டம், ஒப்புக்கொண்டால் கோழைத்தனம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் மன்னிப்பின் வாசகத்தை நீங்கள் பாருங்கள். “மனம் புண்பட்டிருந்தால் வருந்துகிறேன்” என்பது வேண்டாம். இன்ன தேதி, இன்ன இடத்தில், இன்னாரை ஜாதிப் பெயர் சொல்லித் திட்டினேன், அது தவறு என்று இருக்க வேண்டும். திட்டிய அதே குழுவிலோ அதே அலுவலகத்திலோ, அன்று கேட்டவர்களுக்குத் தெரியும்படி வர வேண்டும். அது வந்து சேராத வரை உயர் நீதிமன்றத்துக்கான கூட்டுப் பிரமாண வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். வெற்றுத்தாளில் கையெழுத்து கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.